கொடைக்கானலில் வகுப்பறைக்கு வெளியே கல்வி: நடைப்பயணம், களப்பயணம், விளையாட்டு, தொண்டு

திண்டுக்கல் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கிளைத்து நிற்கும் பழனி மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் கொடைக்கானல். ஏரிக்கும் குளிருக்கும் பெயர் பெற்ற இவ்வூர், நூற்றாண்டுக்கும் மேலாக உறைவிடப் பள்ளியின் ஊரும் ஆகும். இங்கே நடைப்பயணம், களப்பயணம், விளையாட்டு, சமூகத் தொண்டு ஆகியவை படிப்பு முடிந்த பின் வரும் பொழுதுபோக்காக அல்லாமல், படிப்பின் ஒரு பகுதியாகவே வளர்ந்தன. அவை எப்படித் தோன்றின, அவற்றால் மாணவர் கற்பது என்ன, வசதி குறைந்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி அவற்றிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சொல் விளக்கம்

பாடநூலுக்கும் தேர்வுக்கும் வெளியே பள்ளி நடத்தும் பணிகளை முன்பு 'பாடப் புறச் செயல்பாடுகள்' என்றனர். பின்னர் 'பாட இணைச் செயல்பாடுகள்' என்ற பெயர் வழக்குக்கு வந்தது. இது வெறும் பெயர் மாற்றம் அன்று. 'புறம்' என்றால் விட்டுவிடலாம். 'இணை' என்றால் விட முடியாது.

இந்திய அளவில் இக்கருத்தை வலியுறுத்தியவர்களுள் முக்கியமானவர் ஒரு தமிழர். 1952-53ஆம் ஆண்டுகளில் இயங்கிய இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். விளையாட்டு, சாரணர் இயக்கம், மாணவர் மன்றங்கள் போன்றவை பள்ளிக் கல்வியின் பிரிக்க முடியாத உறுப்புகள் என்பது அக்குழுவின் நிலைப்பாடு. 1964-66இல் கோத்தாரி கல்விக் குழு பணி அனுபவத்தையும் சமூகத் தொண்டையும் பள்ளிக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, உடல்நலமும் உடற்கல்வியும் 10ஆம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்றது. ஆகவே கொள்கை அளவில் குறை ஏதும் இல்லை. குறை, கால அட்டவணையில்தான் இருக்கிறது.

கொடைக்கானலில் பள்ளி தோன்றிய வரலாறு

மதுரைப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்கள், சமவெளியின் காய்ச்சலுக்கும் கொள்ளைநோய்க்கும் அஞ்சி, 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். அக்காலத்தில் மலைக்குச் சாலை இல்லை. பெரியகுளம் பக்கமிருந்து காட்டுப் பாதையில் நடந்தோ, ஆட்கள் சுமந்த டோலியில் அமர்ந்தோதான் மேலே வர முடியும். மலைச்சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது.

மறைப்பணியாளர்கள் தம் பிள்ளைகளைப் படிப்புக்காகக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, ஆண்டுக்கணக்கில் பார்க்க முடியாமல் இருந்தனர். இந்தப் பிரிவைத் தவிர்க்க 1901இல் ஹைகிளர்க் என்ற பள்ளி தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைமையாசிரியர் மார்கரெட் எடி என்னும் அம்மையார். பிற்காலத்தில் கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி என்று பெயர் மாறிய இந்நிறுவனம், 1976இல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பன்னாட்டுப் பட்டயப் படிப்பான ஐ.பி. திட்டத்தை ஏற்றது. இன்று இந்திய மாணவர்களும் வெளிநாட்டு மாணவர்களும் சேர்ந்து படிக்கின்றனர்.

உறைவிடப் பள்ளி என்பதால் மாலை நேரமும் வார இறுதியும் பள்ளியின் பொறுப்பாகவே இருந்தன. பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்ல மலை இருந்தது. நடக்கப் பாதை இருந்தது. இந்தத் தேவையிலிருந்துதான் மலைநடையும் முகாமும் பள்ளி வழக்கமாயின.

நடைப்பயணம்

மலையில் நடப்பதை வெளிநாட்டார் கொண்டுவந்த பழக்கமாக மட்டும் கருத வேண்டியதில்லை. இதே மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் உள்ள பழனிக்குத் தைப்பூசத்தின்போது இலட்சக்கணக்கானோர் பாதயாத்திரை வருகின்றனர். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடியோடு நடந்து வருவது பல தலைமுறை கண்ட மரபு. குழுவாக நடப்பது, முன்னே செல்பவர் பின்னே வருபவருக்காக நிற்பது, இருப்பதைப் பகிர்ந்து உண்பது ஆகிய ஒழுங்குகள் நமக்குப் புதியவை அல்ல. பள்ளி செய்ய வேண்டியது, அந்த ஒழுங்கோடு கவனித்தல், குறித்தல், கணக்கிடுதல் ஆகியவற்றைச் சேர்ப்பதே.

கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியில் மலைநடையும் கூடார முகாமும் நீண்ட கால மரபாக உள்ளன. மேல்மலையில் பூண்டிப் பகுதியில் பள்ளிக்கு முகாமிடம் உண்டு. சிறு வகுப்பினர் அருகிலுள்ள பாதைகளிலும், மேல் வகுப்பினர் இரவு தங்கும் நீண்ட பாதைகளிலும் நடப்பது இத்தகைய திட்டங்களின் பொது முறை. எளியதில் தொடங்கிப் படிப்படியாக உயர்வது என்பது பாடம் நடத்தும் ஆசிரியர் அனைவரும் அறிந்த முறைதான்.

மலையின் உயரத்தையே பாடமாக்கலாம். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே குறைவு. அதனால்தான் சமவெளியிலிருந்து வந்த மாணவருக்கு முதல் நாள் மூச்சு வாங்குகிறது. அதே காரணத்தால் இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஒரு பாத்திரம், ஒரு அடுப்பு, ஒரு வெப்பமானி இருந்தால் 9ஆம் வகுப்பு மாணவர் இதைத் தாமே அளந்து பார்க்கலாம். அளந்தவர் மறக்கமாட்டார்.

களப்பயணத்துக்குரிய இடங்கள்

சுற்றுலாவுக்கும் களப்பயணத்துக்கும் வேறுபாடு உண்டு. சுற்றுலாவில் மாணவர் இடங்களைப் பார்க்கிறார். களப்பயணத்தில் ஒரு கேள்வியோடு போய் விடையைத் தேடுகிறார். கொடைக்கானலில் ஒரே நாளில் பன்னிரண்டு இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பேருந்தில் பெரும்பாலும் உறக்கமும் வாந்தியும்தான் மிஞ்சும். இரண்டு இடங்கள், இடத்துக்கு இரண்டு கேள்விகள் என்று வைத்துக்கொண்டால் பயன் கூடும். அதற்குப் பொருத்தமான சில இடங்கள்:

1. சூரிய ஆய்வகம். 1899இல் நிறுவப்பட்டு, 1901 முதல் சூரியனை நோக்கிவரும் ஆய்வகம் இது. இப்போது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் உள்ளது. சூரியப் புள்ளிகளில் வாயு ஆரப் போக்கில் நகர்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் இங்குதான் கண்டறிந்தார். அது இன்றும் அவர் பெயரால் 'எவர்ஷெட் விளைவு' எனப்படுகிறது. நூறாண்டுக்கு மேலாக எடுக்கப்பட்டுவரும் சூரியப் படங்கள் உலக ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. கேள்வி: ஒரே பொருளைத் தினமும் படம் எடுப்பதால் என்ன தெரியவரும்?

2. செண்பகனூர் அருங்காட்சியகம். 1895இல் இயேசு சபையினர் தொடங்கிய திருஇருதயக் கல்லூரியில் உள்ளது. பழனி மலையின் விலங்குகள், பறவைகள், பூச்சிகள் ஆகியவற்றின் பதப்படுத்திய மாதிரிகளைக் காணலாம். மலையின் தாவரங்களை ஆராய்ந்து பெருநூல் எழுதிய கே. எம். மாத்யூ அடிகளாரும் இயேசு சபையைச் சேர்ந்தவரே. கேள்வி: இங்கே மாதிரியாக இருக்கும் உயிர்களுள் எவற்றை நீ வெளியே உயிரோடு பார்த்தாய்?

3. கற்திட்டைகள். தாண்டிக்குடி, பெத்துப்பாறை, பெருமாள்மலை முதலிய இடங்களில் பெருங்கற்காலத்தைச் சேர்ந்த கற்திட்டைகள் உள்ளன. ஆங்கிலேடு அடிகளாரும் நியூட்டனும் இவற்றைப் பற்றி எழுதிய நூல் 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. கேள்வி: எந்திரம் இல்லாமல் இந்தக் கல்லை எப்படித் தூக்கி நிறுத்தியிருப்பார்கள்?

4. சோலைக் காடும் பைன் தோட்டமும். பழனி மலையின் மேற்பகுதியில் இயற்கையாக இருந்தவை புல்வெளியும், பள்ளங்களில் அடர்ந்த சோலைக் காடும். பிற்காலத்தில் பைன், தைலமரம், சீகை எனப்படும் வாட்டில் ஆகியவை நடப்பட்டுப் புல்வெளியைப் பெருமளவு மூடிவிட்டன. சோலையின் ஓரத்தில் பத்தடிக்குப் பத்தடி இடம் எடுத்து, எத்தனை வகைச் செடிகள் உள்ளன என்று எண்ண வேண்டும். பிறகு பைன் மரத்தடியில் அதே அளவு இடத்தில் எண்ண வேண்டும். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், 'உயிரினப் பன்மை' என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி புல்வெளிச் சரிவுகளில் வளர்வது. அது 2006லும் 2018லும் பூத்தது. 

5. ஏரியும் நீரோட்டமும். கொடைக்கானல் ஏரி இயற்கை ஏரி அன்று. மதுரை ஆட்சியராக இருந்த லெவின்ஜ் 1863இல் ஓடையை மறித்து உருவாக்கியது. ஏரியிலிருந்து வழியும் நீர்தான் மலைச்சாலையில் நாம் காணும் வெள்ளி நீர்வீழ்ச்சி. மலையின் தெற்குச் சரிவில் விழும் மழை வைகைக்குப் போகிறது. வடக்குச் சரிவில் விழுவது சண்முகநதி, அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. ஒரு வரைபடத்தில் இதை வண்ணமிட்டுக் காட்டச் சொன்னால், மலையின் உச்சியில் நடப்பது அடிவாரத்து வயலைத் தொடுவது புரியும். கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு வெளிச்சத்துக்கு வந்து, 2001இல் ஆலை மூடப்பட்டதையும் இந்த வரைபடத்தின் முன் வைத்தே சொல்ல வேண்டும்.

விளையாட்டு

கொடைக்கானல் பள்ளியின் தொடக்கத்துக்கும் தமிழ்நாட்டுப் பள்ளி விளையாட்டுக்கும் ஒரு சுவையான தொடர்பு உண்டு. முதல் தலைமையாசிரியரின் மகன் ஷெர்வுட் எடி, ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் முன்னணி ஊழியர். அதே இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். கூடைப்பந்து 1891லும் கைப்பந்து 1895லும் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. நிறுவனங்களில் பிறந்தவை. அவை தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களுக்குப் பரவியதில், சென்னைக் கல்லூரியில் பயின்று வந்த உடற்கல்வி ஆசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

மலைப் பள்ளிக்குச் சமதளமான மைதானம் கிடைப்பது அரிது. மழையும் மூடுபனியும் அடிக்கடி ஆட்டத்தை நிறுத்தும். கூடைப்பந்து, கைப்பந்து, பூப்பந்து போன்ற சிறிய இடத்து ஆட்டங்கள் அத்தகைய பள்ளிக்குப் பெரிதும் ஏற்றவை. இடம் சிறிது என்று சொல்லும் நகரப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

அரசுப் பள்ளி மாணவருக்குக் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக உயரும் போட்டிகள் உள்ளன. குடியரசு தின விழா, பாரதியார் தின விழா விளையாட்டுப் போட்டிகள் இவ்வாறு நடப்பவை. இவை திறமை உள்ளவரை மேலே கொண்டுவருகின்றன. ஆனால் ஒரு பள்ளியில் அணியில் இடம் பெறுபவர் சிலரே. மற்றவர் மைதானத்தின் ஓரத்தில் நின்று கைதட்டுவதோடு முடிந்துவிடக் கூடாது. வகுப்புக்கு வகுப்பு ஆட்டம், எல்லா மாணவரும் ஏதாவது ஒரு அணியில் என்ற முறை இதற்கு எளிய தீர்வு. பெண் பிள்ளைகளுக்கு மைதானத்தில் தனி நேரம் ஒதுக்கப்படாத பள்ளியில், அவர்களுக்கு மைதானம் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

தொண்டும் சி.ஏ.எஸ். திட்டமும்

ஐ.பி. பட்டயப் படிப்பில் 'சி.ஏ.எஸ்.' என்ற பகுதி உண்டு. படைப்பாற்றல், உடற்செயல், தொண்டு ஆகிய மூன்றையும் குறிக்கும் சுருக்கம் அது. மாணவர் குறைந்தது 18 மாதங்கள் இம்மூன்றிலும் ஈடுபட வேண்டும். செய்ததையும் அதனால் கற்றதையும் குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் இதை முடிக்காதவருக்குப் பட்டயம் கிடையாது. மதிப்பெண் இல்லாமலே ஒன்றைக் கட்டாயமாக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

இச்சிந்தனைக்கு வெளிநாட்டு வேர்கள் உண்டு. ஜெர்மானியக் கல்வியாளர் குர்ட் ஹான் 1934இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டவுன் பள்ளியையும், 1941இல் 'அவுட்வர்ட் பவுண்ட்' இயக்கத்தையும் தொடங்கியபோது, மலையும் கடலும் மீட்புப் பணியும் இளைஞரின் குணத்தை உருவாக்கும் என்றார். நம் மண்ணிலும் வேர் உண்டு. ஹைகிளர்க் தொடங்கிய அதே 1901இல்தான் தாகூர் சாந்திநிகேதனில் மரத்தடிப் பள்ளியைத் தொடங்கினார். காந்தியடிகளின் ஆதாரக் கல்வி கைத்தொழிலைப் பாடத்தின் மையத்தில் வைத்தது. திண்டுக்கல் மாவட்டத்திலேயே, சின்னாளப்பட்டிக்கு அருகில், டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம், கிராமத் தொண்டைக் கல்வியோடு இணைத்தது. மலைமேல் ஒன்றும் அடிவாரத்தில் ஒன்றுமாக, இரண்டு மரபுகள் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் இதற்குரிய அமைப்புகள் இல்லாமல் இல்லை. சாரண சாரணியர், தேசிய மாணவர் படை, இளம் செஞ்சிலுவைச் சங்கம், தேசிய பசுமைப் படை, மேல்நிலை வகுப்பில் நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவை உள்ளன. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம், ஒழுங்காக நடத்தப்பட்டால், எந்த உறைவிடப் பள்ளியின் முகாமுக்கும் குறைந்தது அன்று.

யாருடைய மலை?

பன்னாட்டுப் பள்ளி மாணவர் பணம் செலுத்தி மலையில் நடக்கிறார். மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி போன்ற மேல்மலை ஊர்களின் பிள்ளைகள் அந்த மலையிலேயே பிறந்து வளர்கின்றனர். பளியர் குடியிருப்புப் பிள்ளைகளுக்குத் தேன் எந்த மாதம் எடுப்பது, எந்தக் கிழங்கு உண்ணத் தக்கது, காட்டுமாடு எந்த வழியில் வரும் என்பவை தெரியும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை விளைவிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு மண்ணும் பனியும் தெரியும். ஆனால் வகுப்பறைக்குள் வந்ததும் இந்த அறிவு அறிவாகவே கணக்கில் வருவதில்லை. தேர்வில் கேட்காததால் பிள்ளையும் அதைச் சொல்வதில்லை, ஆசிரியரும் கேட்பதில்லை.

களப்பயணம் இதை மாற்றக்கூடும். அங்கே வழி தெரிந்தவர் முன்னே நடக்கிறார். வகுப்பில் கடைசி வரிசையில் இருந்தவர் செடியின் பெயர் சொல்கிறார். அவர் சொன்ன பெயரை ஆசிரியர் கரும்பலகையில் எழுதினால், அன்றிலிருந்து அப்பிள்ளை பள்ளியில் நிற்கும் நிலையே வேறு. வசதியுள்ள பள்ளிகளுக்குப் பயணம் என்பது புது அனுபவம்; இப்பிள்ளைகளுக்கோ தம் அறிவுக்குக் கிடைக்கும் மதிப்பு. எனவே வகுப்பறைக்கு வெளியிலான கல்வி வசதி படைத்தவர்க்கு உரிய அலங்காரம் என்று ஒதுக்குவது, அது அதிகம் தேவைப்படும் பிள்ளையிடமிருந்தே அதைப் பறிப்பதாகும்.

பாதுகாப்பு

2018 மார்ச் 11 அன்று, பழனி மலைக்குத் தென்மேற்கே தேனி மாவட்டக் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றவர்களுள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் பற்றினால், மேல்நோக்கி ஏறும் தீ மனிதரைவிட வேகமாக ஏறும். அதன்பின் மலையேற்றத்துக்கு மாநில அரசு விதிகளை வகுத்தது. பழனி மலைக் காடுகளின் பெரும்பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக உள்ளது. எனவே பள்ளிகள் பின்வருவனவற்றைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்:

- வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுப் பாதையில் மாணவரை அழைத்துச் செல்லக் கூடாது. உள்ளூர் வழிகாட்டி உடன் வர வேண்டும்.
- பிப்ரவரி முதல் மழை தொடங்கும் வரை புல்வெளிப் பாதைகளைத் தவிர்க்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையையும் மண்சரிவையும் கருத வேண்டும்.
- பெற்றோரின் எழுத்து ஒப்புதல், ஆஸ்துமா, வலிப்பு போன்ற நோய் விவரம், முதலுதவிப் பெட்டி ஆகியவை வேண்டும். 20 மாணவருக்குக் குறைந்தது 2 ஆசிரியர் இருப்பது நல்லது. மாணவியர் சென்றால் ஆசிரியை கட்டாயம்.
- குழுவின் முன்னே ஓர் ஆசிரியர், கடைசியில் ஓர் ஆசிரியர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ண வேண்டும்.
- காட்டுமாடு தென்பட்டால் கூச்சலிடாமல், படம் எடுக்க நெருங்காமல், வழிவிட்டு நிற்க வேண்டும்.
- 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை. பிளாஸ்டிக் பாட்டில், பை ஆகியவற்றுக்குத் தடை உள்ளதால் எவர்சில்வர் தண்ணீர்க் குப்பிகளையே எடுத்துச் செல்ல வேண்டும்.

சாதாரணப் பள்ளி செய்யக்கூடியது

கொடைக்கானலுக்குப் போக முடியாத பள்ளிக்கும் இதில் பாடம் உண்டு. ஒவ்வோர் ஊரிலும் ஒரு கண்மாய், ஒரு குன்று, ஒரு பழைய கோயில், ஒரு சந்தை இருக்கும். நடந்து போய் நடந்து வரும் தூரத்துக்குப் பேருந்துச் செலவு இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோரே வழிகாட்டிகளாகலாம். புறப்படும் முன் ஒரு பாடவேளையில் கேள்விகளைத் தயாரிக்க வேண்டும். போன இடத்தில் ஒவ்வொருவரும் ஒரு படமாவது வரைய வேண்டும். திரும்பி வந்த வாரத்துக்குள் வகுப்பில் பேச வேண்டும். இம்மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் அது சுற்றுலாவாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டியது, கால அட்டவணையில் ஏற்கெனவே இருக்கும் பி.டி. பீரியடைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கொடுக்காமல் இருப்பது. பொதுத் தேர்வு ஆண்டில் இதைக் கேட்டால் தலைமையாசிரியர் தயங்குவார், பெற்றோரும் தயங்குவர். ஆனால் நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்த பிள்ளையின் எட்டாவது பீரியட் எப்படி இருக்கும் என்பது வகுப்பெடுத்த எல்லோருக்கும் தெரியும். வாரத்துக்கு இரண்டு பாடவேளை மைதானம், பருவத்துக்கு ஒரு களப்பயணம், ஆண்டுக்கு ஒரு தொண்டு முகாம் என்று வைத்தால், புதிய நிதியும் புதிய ஆணையும் இல்லாமலே பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் இதைத் தொடங்கிவிடலாம்.